கேயாஸும் தகவல் இழப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேயாஸ் என்று சொன்னாலே பட்டாம்பூச்சி பறந்து வந்துவிடும். இந்தப் பக்கத்தில் அதற்கு வேலை இல்லை. இங்கே பேசப்போவது அதற்கு அடியில் இருக்கும் கணக்கைப் பற்றி: ஓர் அமைப்பைப் பற்றி நமக்குத் தெரிந்தது எப்படித் தெரியாமல் போகிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது, போன தகவல் எங்கே இருக்கிறது.

கேயாஸ் தகவலை அழிக்கிறதா, இல்லையா? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

உராய்வு இல்லாத அமைப்புகளில், இல்லை. நம்மால் அளக்க முடிந்த பெரிய இலக்கங்களில் இருந்த தகவலை, நம்மால் தொடக்கூட முடியாத நுண்ணிய இலக்கங்களுக்கு அது அனுப்பிவிடுகிறது. அங்கே கிடந்த, நமக்குத் தெரியாத இலக்கங்களை மேலே கொண்டுவருகிறது. இழப்பு நேர்வது அந்த நுண் இலக்கங்களை யாரோ வெட்டி எறியும் இடத்தில்தான். வெட்டுவது அளவுகோலாக இருக்கலாம், கணினியாக இருக்கலாம், சுற்றியுள்ள காற்றாகவும் இருக்கலாம். எவ்வளவு வேகத்தில் இழக்கிறோம் என்பதைக் கேயாஸ் தீர்மானிக்கிறது. கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒன்றின் விரிவுதான்.

முதலில், எதைக் கேயாஸ் என்கிறோம்?

விதியில் பகடை எதுவும் கிடையாது. இன்றைய நிலை முழுத் துல்லியமாகத் தெரிந்தால் நாளைய நிலை ஒன்றே ஒன்றுதான். ஆனாலும் மிக நெருக்கமான இரண்டு தொடக்கங்களுக்கு இடையிலுள்ள தூரம், சம கால இடைவெளிகளில் சராசரியாக ஒரே மடங்கில் பெருகிக்கொண்டே போகும். அதே சமயம் அமைப்பு ஓர் எல்லைக்குள்ளேயே சுற்றிவரும். விலகலும் வேண்டும், எல்லையும் வேண்டும். எல்லை இல்லாமல் விலகல் மட்டும் இருந்தால், இரண்டும் ஆளுக்கொரு பக்கம் ஓடிப்போகும், அவ்வளவுதான். அதில் சிக்கல் எதுவும் இல்லை.

1961இல் எட்வர்ட் லோரன்ஸ் ராயல் மெக்பீ கணினியில் ஓடிய தன் வானிலை மாதிரியை நடுவிலிருந்து மறுபடி ஓட்டிப் பார்த்தார். கணினிக்குள் இருந்த எண் 0.506127. அச்சில் வந்தது 0.506. அச்சில் இருந்ததையே அவர் உள்ளிட்டார். இரண்டு ஓட்டங்களும் கொஞ்ச நேரம் ஒட்டிப் போயின, பிறகு சம்பந்தமே இல்லாமல் பிரிந்தன. ‘சிறிய மாற்றம், பெரிய விளைவு’ என்று சொல்லி இந்தக் கதையைப் பலரும் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. தொலைந்தவை மூன்று இலக்கங்கள். தொலைத்தது அச்சுத்தாள். அந்த மூன்றும் இல்லாத குறையை வெளியே தெரியவைத்தது மட்டும்தான் மாதிரி செய்த வேலை.

இங்கே தகவல் என்றால் என்ன? அறிவா, செய்தியா?

இரண்டும் இல்லை, வெறும் எண்ணிக்கை. ஒரு புள்ளி 0க்கும் 1க்கும் இடையே எங்கோ இருக்கிறது. இடப்பாதியிலா வலப்பாதியிலா என்று தெரிந்தால் நம்மிடம் இருப்பது ஒரு பிட். எந்தக் காற்பங்கு என்று தெரிந்தால் இரண்டு பிட். ஒரு தசம இலக்கம் கூடுதலாகத் தெரிந்தால் ஏறத்தாழ 3.32 பிட் கூடும். கிளாட் ஷானன் 1948இல் இந்த அளவைக்கு முறையான வடிவம் கொடுத்தார். அவருடைய என்ட்ரோபி, நமக்கு இன்னும் தெரியாமல் இருப்பது எத்தனை பிட் என்பதைச் சொல்கிறது.

ஒரு எடுத்துக்காட்டில் காட்ட முடியுமா?

முடியும். பத்து வரி நிரல் எழுதத் தெரிந்தவர்கள் தாங்களே ஓட்டிப் பார்க்கலாம்.

0க்கும் 1க்கும் இடையே ஓர் எண்ணை எடுங்கள். அதை இரட்டியுங்கள். 1ஐ எட்டினாலோ தாண்டினாலோ 1ஐக் கழியுங்கள். வந்ததை மறுபடி இரட்டியுங்கள். விதி இவ்வளவுதான்.

அந்த எண்ணை இருமத்தில், அதாவது 0, 1 என்ற இரண்டு இலக்கங்களால் மட்டும், எழுதிப் பார்த்தால் நடப்பது புரியும். இரட்டிப்பது என்பது எல்லா இலக்கங்களையும் ஓரிடம் இடப்பக்கம் தள்ளுவது. 1ஐக் கழிப்பது என்பது புள்ளியைத் தாண்டி வந்த இலக்கத்தைத் தூக்கிப் போடுவது. 0.1011001… என்று தொடங்கினால் அடுத்தது 0.011001…, அதற்கடுத்தது 0.11001… ஒவ்வொரு படியிலும் ஒரு பிட் முன்னே வருகிறது, ஒரு பிட் போகிறது. தொடக்க எண்ணைப் பத்து பிட் துல்லியத்தில் அளந்திருந்தீர்கள் என்றால், பத்தாவது படியில் உங்களுக்குத் தெரிந்தது பூச்சியம். அப்போது அந்த எண் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்.

இப்போது 0.1 என்று தொடங்குவோம். காகிதத்தில் கணக்குப் போட்டால் 0.2, 0.4, 0.8, 0.6, மறுபடி 0.2 என்று முடிவில்லாமல் சுற்றும். கணினியின் வழக்கமான 64 பிட் மிதவைப் புள்ளிக் கணக்கில் ஓட்டினாலும் முதலில் அப்படித்தான் தெரியும். 52ஆம் படியில் 0.6 வர வேண்டிய இடத்தில் 0.625 வருகிறது. 53இல் 0.25. 54இல் 0.5. 55இல் 0. அதற்குப் பிறகு எப்போதும் 0தான்.

கணினி எந்தப் படியிலும் தப்பாகக் கணக்குப் போடவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. இரட்டிப்பதும் 1ஐக் கழிப்பதும் அதற்குப் பிழையே இல்லாத வேலைகள். பிழை நேர்ந்தது ஒரே ஒரு தடவை, 0.1ஐச் சேமித்தபோது. இருமத்தில் 0.1 முடியாத எண். கணினி அதை ஓரிடத்தில் வெட்டிச் சேமித்தது. அந்த வெட்டுவாய் ஒவ்வொரு படியாக மேலேறி 55ஆம் படியில் புள்ளியை அடைந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த விதியில் 0.3, 0.8 இரண்டும் 0.6க்கே போகின்றன. 0.6ஐ வைத்துக்கொண்டு எங்கிருந்து வந்தோம் என்று திரும்பிச் சொல்ல வழியில்லை. தூக்கிப் போட்ட தலை இலக்கம் போனது போனதுதான். உராய்வற்ற இயற்கை விதிகள் இப்படிச் செய்வதில்லை. தலை இலக்கத்தை இன்னோர் ஆயத்தொலைவின் முதல் இலக்கமாகச் சொருகி வைத்துக்கொள்ளும். அதனால் பின்னோக்கிப் போகும் பாதை திறந்தே இருக்கும்.

சில நூல்களில் ‘கேயாஸ் தகவலை உருவாக்குகிறது’ என்று இருக்கிறதே? எது சரி?

இரண்டும் ஒரே எண்ணைப் பற்றித்தான் பேசுகின்றன. நேற்று அளந்ததை வைத்து இன்றைச் சொல்ல முயல்பவருக்கு அது இழப்பு. ஒரு முரட்டு அளவியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நொடியும் புதிதாக அளப்பவருக்கு அது வரவு, ஏனென்றால் பழைய அளவுகளிலிருந்து ஊகிக்க முடியாத புது பிட்கள் ஒவ்வோர் அளவிலும் கிடைத்துக்கொண்டே இருக்கும். அந்தப் புது பிட்கள் வானத்திலிருந்து குதித்தவை அல்ல. தொடக்க நிலையின் ஆழ்ந்த இலக்கங்களாக இருந்தவை இப்போது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்ந்திருக்கின்றன.

இந்த வேகத்துக்குப் பெயர் கொல்மோகரோவ்–சினாய் என்ட்ரோபி. 1958இல் கொல்மோகரோவும் 1959இல் சினாயும் வரையறுத்தது. நெருங்கிய பாதைகள் விலகும் வேகத்தைச் சொல்வது லியாபுனோவ் அடுக்கு. ஒன்று தகவலின் மொழி, மற்றது வடிவியலின் மொழி. 1977இல் யாகோவ் பெசின் இரண்டையும் இணைத்தார்: போதுமான அளவு வழவழப்பான, நிலைவெளிக் கனஅளவைக் காக்கும் அமைப்புகளில் (நிலைவெளி என்பது அமைப்பின் எல்லா நிலைகளும் அடங்கிய கற்பனை வெளி, கீழே விளக்கம் வரும்), நேர்க்குறி கொண்ட லியாபுனோவ் அடுக்குகளின் கூட்டுத்தொகையே என்ட்ரோபி வேகம். மேலே பார்த்த இரட்டிக்கும் விதியில் அது படிக்கு சரியாக ஒரு பிட். லோரன்ஸ் 1963இல் வெளியிட்ட மூன்று சமன்பாடுகளில், வழக்கமான அளவுருக்களுடன், ஒரு கால அலகுக்கு ஏறத்தாழ 1.31 பிட்.

துல்லியமாக அளந்தால் தூரமாகக் கணிக்கலாம்தானே?

கணிக்கலாம், ஆனால் பேரம் கட்டுப்படியாகாது. பிழை மடங்கு மடங்காக வளரும்போது, அளவின் துல்லியத்தை ஆயிரம் மடங்கு கூட்டினால் கிடைப்பது சுமார் பத்து இரட்டிப்புக் காலம் மட்டும். அடுத்த பத்துக்கு மறுபடி ஆயிரம் மடங்கு. செலவு பெருக்கலில் ஏறும், வரவு கூட்டலில் ஏறும்.

சூரியக் குடும்பம் இதற்கு நல்ல சாட்சி. கடிகாரம்போல ஓடுவதாக நாம் நம்பும் கோள்களின் இயக்கமும் கேயாஸ்தான் என்று 1989இல் ழாக் லாஸ்கர் காட்டினார். பூமியின் இன்றைய இருப்பிடத்தில் 15 மீட்டர் பிழை இருந்தால், ஒரு கோடி ஆண்டு கழித்து அது 150 மீட்டர். பத்துக் கோடி ஆண்டு கழித்து 15 கோடி கிலோமீட்டர், அதாவது சூரியனுக்கும் பூமிக்கும் இடையேயுள்ள தூரம். கணக்கைப் பிரித்துப் பார்த்தால் அழகாக இருக்கிறது: கோடி ஆண்டுக்கு ஒரு தசம இலக்கம் என்ற வேகத்தில் நம் கையிருப்பு கரைகிறது. பத்து இலக்கம், பத்துக் கோடி ஆண்டு. இன்றைய அளவை 15 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தாலும் கூடுதலாகக் கிடைப்பது மூன்று கோடி ஆண்டுதான்.

அதனால்தான் 2009இல் லாஸ்கரும் மிக்கேல் காஸ்தினோவும் ஒரே எதிர்காலத்தைக் கணிக்க முயலாமல், மிகச் சிறிய வேறுபாடுகளோடு 2,501 எதிர்காலங்களை 500 கோடி ஆண்டு வரை ஓட்டினார்கள். அவற்றில் ஏறத்தாழ நூற்றில் ஒன்றில் புதனின் சுற்றுப்பாதை கடுமையாக நீண்டுபோனது. இன்ன தேதியில் புதன் எங்கே இருக்கும் என்ற கேள்விக்குப் பதில் போய்விட்டது. எத்தனை விழுக்காடு வாய்ப்பு என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது.

வானிலைக்கும் இதே கணக்குத்தானா?

அதைவிட மோசம். மேலே சொன்ன கணக்கின்படி துல்லியத்தைக் கூட்டிக்கொண்டே போனால் கணிப்பும், மெதுவாகவாவது, நீண்டுகொண்டே போக வேண்டும். 1969இல் லோரன்ஸ் வேறொரு சாத்தியத்தைச் சொன்னார். காற்றோட்டத்தில் பெரிய சுழல்களுக்குள் சிறிய சுழல்கள், அவற்றுக்குள் இன்னும் சிறியவை. சிறிய சுழல்களில் பிழை வேகமாக இரட்டிக்கிறது. ஆகவே இன்னும் நுண்ணிய அளவில் அளந்து நீங்கள் சம்பாதிக்கும் நேரம் ஒவ்வொரு முறையும் முன்னதைவிடக் குறைவு. அந்த நேரங்களையெல்லாம் கூட்டினாலும் ஒரு முடிவுள்ள தொகைதான் வரும். பொதுவாகச் சொல்லப்படும் இரண்டு வார எல்லையின் பின்னணி இதுதான். 1992 முதல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள பெரிய முன்கணிப்பு மையங்கள் தொகுப்பு முறைக் கணிப்பை நாள்தோறும் ஓட்டுகின்றன. ஒரே மாதிரியைச் சற்றே மாறுபட்ட பல தொடக்கங்களிலிருந்து ஓட்டி, அவை எப்போது சிதறுகின்றன என்று பார்ப்பார்கள். தகவல் எப்போது தீர்ந்துபோகிறது என்பதை நேரடியாக அளக்கும் கருவி என்றே இதைச் சொல்லலாம்.

உராய்வு இல்லாவிட்டால் தகவல் அழிவதில்லை என்கிறீர்கள். பிறகு என்ட்ரோபி ஏன் கூடுகிறது?

இந்தப் பக்கத்திலேயே கனமான கேள்வி இது, கொஞ்சம் பொறுமை வேண்டும்.

ஓர் அமைப்பிலுள்ள எல்லாத் துகள்களின் இருப்பிடங்களையும் உந்தங்களையும் சேர்த்து ஒரே புள்ளியாகக் குறிக்கும் கற்பனை வெளிக்கு நிலைவெளி என்று பெயர். நமக்குத் துல்லியமாகத் தெரியாது என்பதால் நம் கையில் இருப்பது புள்ளி இல்லை, ஒரு சிறு மேகம். உராய்வற்ற இயக்கத்தில் அந்த மேகத்தின் கனஅளவு மாறவே மாறாது. இது லியூவில் தேற்றம். கனஅளவு மாறவில்லை என்றால் நம் அறியாமையும் அதே பிட் எண்ணிக்கையில்தான் இருக்கிறது. அதாவது துல்லியமான என்ட்ரோபி கூடுவதே இல்லை.

மாறுவது மேகத்தின் வடிவம். கேயாஸ் அதை இழுக்கிறது, மடிக்கிறது, மறுபடி இழுக்கிறது. கொஞ்ச நேரத்தில் அது வெளி முழுக்க ஓடும் மெல்லிய இழைகளின் சிக்கலாகிவிடும். இழையின் தடிமன் நம் அளவியின் நுட்பத்தைவிடக் கீழே போனதும், இழை எது, இடைவெளி எது என்று நம்மால் பிரித்துப் பார்க்க முடியாது. எல்லாம் ஒரே சாம்பல் நிறம். அப்போது நாம் கணக்கிடும் என்ட்ரோபி கூடிவிட்டது. கூட்டியது நம் அளவியின் முரட்டுத்தனம். எவ்வளவு சீக்கிரம் கூட்டியது என்பது கேயாஸின் கைவேலை.

கண்ணால் பார்க்க வேண்டுமா? 150 × 150 புள்ளிகள் கொண்ட ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கிடை எண், ஒரு நெடு எண். கிடை எண்ணை இருமடங்காக்கி நெடு எண்ணைக் கூட்டினால் புதிய கிடை எண். பழைய இரண்டையும் வெறுமனே கூட்டினால் புதிய நெடு எண். இரண்டையும் 150ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விளாதிமிர் ஆர்னால்ட் பூனைப் படம் ஒன்றை வைத்து விளக்கிய உருமாற்றம் இது. அதனால் பூனையின் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. நாலைந்து படிகளிலேயே முகம் வரிவரியாகக் கிழிந்து தூசாகிவிடும். அப்படியே ஓட்டிக்கொண்டே இருங்கள். 300ஆவது படியில் பூனை முழுசாகத் திரும்பி வரும். 124 × 124 படமாக இருந்தால் 15 படியே போதும். 22,500 புள்ளிகளில் ஒன்றுகூடத் தொலையவில்லை.

இப்போது அதே ஓட்டத்தில், படம் தூசாகத் தெரியும் ஒரு படியில் அதை லேசாக மங்கலாக்குங்கள், பக்கத்துப் புள்ளிகளைச் சராசரி செய்தாலே போதும். தூசு தூசாகவேதான் தெரியும், கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆனால் 300ஆம் படியில் பூனை வராது. அந்த ஒரு மங்கலில்தான் தகவல் செத்தது. (கட்டம் போட்ட படம் திரும்பி வருவது புள்ளிகள் எண்ணி முடிபவை என்பதால். தொடர்ச்சியான சதுரத்தில் இதே விதி உண்மையான கேயாஸ். அங்கே படியொன்றுக்கு சுமார் 1.39 பிட் ஆழத்துக்குப் போகிறது.)

அப்படியென்றால் எல்லாத் துகளையும் ஒரே நேரத்தில் திருப்பிவிட்டால் கடந்த காலம் திரும்புமா?

விதிப்படி திரும்ப வேண்டும். போல்ட்ஸ்மன் 1872இல் என்ட்ரோபி கூடும் என்பதற்கு நிரூபணம் தந்தபோது, லோஷ்மிட் 1876இல் எழுப்பிய ஆட்சேபம் இதுவே: திசைவேகங்களையெல்லாம் திருப்பினால் என்ட்ரோபி குறைய வேண்டுமே?

கணினியில் இது நடக்கவே செய்கிறது. 1993இல் லெவெக்கும் வெர்லேயும் மூலக்கூறு இயக்கத்தை முழு எண்களால் மட்டும் கணக்கிடும்படி அமைத்தார்கள். இலக்கங்களை வெட்டுவதால் வரும் பிழைக்கே இடமில்லை. முன்னே ஓட்டிப் பின்னே திருப்பினால் தொடக்க நிலை கடைசி பிட் வரை அப்படியே வந்து நின்றது.

உண்மையான காற்றில் ஏன் நடக்காது என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு. சாதாரண அழுத்தத்தில் ஒரு மூலக்கூறு இரண்டு மோதல்களுக்கு இடையே ஏறத்தாழ 70 நானோமீட்டர் போகிறது. மூலக்கூறின் விட்டம் 0.3 நானோமீட்டர் அளவு. வளைந்த பரப்பில் மோதுவதால் ஒவ்வொரு மோதலிலும் திசைப் பிழை சுமார் 200 மடங்காகிறது. பத்து மோதலில் அது 10²³ மடங்கு. ஒரு மூலக்கூறு நொடிக்கு சுமார் 700 கோடி முறை மோதுகிறது, ஆகவே பத்து மோதலுக்கு இரண்டு நானோநொடிகூட ஆகாது. தொடக்கத்தில் 10⁻³³ மீட்டர் பிழை இருந்தாலும் (அணுக்கருவே 10⁻¹⁵ மீட்டர்!) அதற்குள் மூலக்கூறின் அளவுக்கு வந்துவிடும். அவ்வளவு நுண்ணிய அளவில் நியூட்டனின் செவ்வியல் இயக்கவியலே செல்லாது என்பது வேறு விஷயம். எங்கோ தொலைவிலுள்ள ஒரு பொருளின் ஈர்ப்புவிசைகூட இந்தத் திருப்பத்தைக் கெடுத்துவிடும் என்பதுதான் இதன் பொருள்.

கேயாஸ் இல்லாத இடத்தில் திருப்புவது எளிது. 1950இல் எர்வின் ஹான் கண்ட சுழல் எதிரொலி அப்படிப்பட்டது. காந்தப்புலத்தில் அணுக்கருக்கள் சற்றே வேறுபட்ட வேகங்களில் சுழல, அவற்றின் கூட்டுச் சமிக்ஞை மறைந்துபோகிறது. சரியான ஒரு துடிப்பைக் கொடுத்தால் சிறிது நேரத்தில் சமிக்ஞை தானாக மீண்டும் எழுகிறது. செத்துப்போனதாக நினைத்த தகவல் அணுக்கருக்களின் சுழற்சிக் கோணங்களில் பதுங்கியிருந்தது.

கிளிசரினில் கரைந்த மைத்துளி மறுபடி துளியாகும் காணொளி பார்த்தேன். அது எந்த வகை?

இரண்டு உருளைகளுக்கு நடுவே கெட்டியான திரவம்; உள் உருளையைச் சில சுற்று சுற்றினால் மைத்துளி பரவி மறையும்; அதே அளவு பின்னோக்கிச் சுற்றினால் துளி திரும்பி வரும். அங்கே ஓட்டம் மிக மெதுவானது, பிழை மடங்கு மடங்காக வளர்வதில்லை. கைப்பழக்கமே போதும்.

அதே உருளைகளுக்கு நடுவே நுண்மணிகள் நெருக்கமாகக் கலந்த திரவத்தை வைத்து 2005இல் பைன், காலப், பிரேடி, லெஷான்ஸ்கி ஆகியோர் முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார்கள். ஆட்டம் சிறிதாக இருக்கும்வரை மணிகள் பழைய இடத்துக்கே வந்தன. ஒரு வரம்பைத் தாண்டியதும் வர மறுத்தன. திரவத்தின் சமன்பாடு இரண்டு பக்கமும் ஒன்றுதான். வரம்புக்கு மேலே மணிகள் ஒன்றையொன்று உரசிப்போகும் பாதைகள் கேயாஸாகிவிட, மேற்பரப்பின் மிகச் சிறு கரடுமுரடுகூட வளர்ந்து பாதையைத் திருப்பிவிடுகிறது. கேயாஸுக்கும் தகவல் இழப்புக்கும் உள்ள உறவை ஒரே மேசையில் காட்டிய சோதனை என்று இதை நான் மதிக்கிறேன்.

உராய்வு உள்ள அமைப்புகளில்?

அங்கே நிலைவெளி மேகம் உண்மையிலேயே சுருங்குகிறது. லோரன்ஸ் சமன்பாடுகளில் ஒரு திசை விரிகிறது, ஒரு திசை அதைவிடப் பல மடங்கு வேகமாகச் சுருங்குகிறது. நிகரக் கணக்கில் ஒரு கால அலகுக்குள் கனஅளவு எட்டு லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். விரியும் திசையில் எதிர்காலம் பற்றிய தகவல் தீர்கிறது, சுருங்கும் திசையில் கடந்த காலம் பற்றிய தகவல் தீர்கிறது. இரண்டும் ஒரே அமைப்பில், வெவ்வேறு வேகங்களில். கேயாஸுக்கு இதில் முதல் பாதிதான் பொறுப்பு.

சுருங்கிப்போன தகவல் எங்கே? சமன்பாட்டில் எழுதப்படாத இடத்தில்: வெப்பமாகச் சுற்றுப்புற மூலக்கூறுகளின் அசைவில். இதற்குக் குறைந்தபட்ச விலையும் உண்டு. ஒரு பிட்டை அழிக்க வேண்டுமானால் அறை வெப்பநிலையில் சுமார் 2.9 × 10⁻²¹ ஜூல் வெப்பத்தையாவது வெளியேற்றியாக வேண்டும் என்று 1961இல் ரோல்ஃப் லாண்டாவர் சொன்னார். 2012இல் ஒரு நுண்மணியை ஒளிப்பொறியில் (லேசர் ஒளியால் பிடித்துவைக்கும் பொறி) வைத்துச் செய்த சோதனை அந்த எல்லையை உறுதிப்படுத்தியது.

கேயாஸ் இல்லாமலும் தகவல் தொலையுமா?

தாராளமாக. காற்றில் ஆடி நின்றுபோன ஊசலிடம் எந்த உயரத்திலிருந்து விட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அதில் கேயாஸ் துளியும் இல்லை.

கணினி ஓட்டம் 55 படியில் செத்துப்போகிறது என்றால், கேயாஸ் பற்றிய உருவகப்படுத்தல்கள் எல்லாம் பொய்யா?

தனிப்பட்ட பாதை என்ற அளவில், ஒரு கட்டத்துக்குப் பிறகு ஆமாம். நீங்கள் தொடங்கிய புள்ளியின் உண்மையான பாதை அதுவல்ல. ஆனால் நல்ல பண்புள்ள கேயாஸ் அமைப்புகளில், கணினி வரைந்த பிழையான பாதைக்கு வெகு அருகிலேயே வேறொரு புள்ளியிலிருந்து தொடங்கும் உண்மையான பாதை ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். இதை நிழல் தேற்றம் என்பார்கள். அதனால் சராசரிகளையும் பரவல்களையும் ஈர்ப்பானின் (பாதைகள் கடைசியில் போய்ச் சேர்ந்து சுற்றிவரும் இடம்) வடிவத்தையும் நம்பலாம். லோரன்ஸ் ஈர்ப்பான் கணினியின் மாயை இல்லை, உண்மையில் இருக்கிறது என்பதை வார்விக் டக்கர் நிரூபித்து 2002இல் முழுமையாக வெளியிட்டார். எல்லா அமைப்புகளும் அவ்வளவு நல்ல பண்புள்ளவை அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

குவாண்டம் இயக்கவியலில் கேயாஸ் உண்டா?

நேரடியாகத் தேடினால் கிடைக்காது. இரண்டு குவாண்டம் நிலைகள் எவ்வளவு நெருக்கமாகத் தொடங்கினவோ, தனிமைப்பட்ட அமைப்பில் எப்போதும் அதே நெருக்கத்தில்தான் இருக்கும். நிலைகள் விலகுவதே இல்லை. எனவே கேள்வியை மாற்றிக் கேட்டார்கள். 1984இல் ஆஷர் பெரஸ், நிலையை விட்டுவிட்டு விதியைச் சற்றே மாற்றினால் என்ன ஆகும் என்று கேட்டார். முன்னே ஓட்டி, சற்று மாறிய விதியில் பின்னே ஓட்டினால் எவ்வளவு திரும்பி வருகிறது? செவ்வியலில் கேயாஸாக இருக்கும் அமைப்புகளில் இந்தத் திரும்பல் சீரான அமைப்புகளில் குறைவதுபோல் குறைவதில்லை. அந்த வேறுபாட்டையே அவர் அடையாளமாக வைத்தார்.

இன்னொரு அடையாளம், ஓரிடத்தில் இட்ட தகவல் எவ்வளவு சீக்கிரம் முழு அமைப்பிலும் பின்னிப் பரவுகிறது என்பது. பரவி முடித்தபின் எந்தச் சிறு பகுதியைப் பார்த்தாலும் அந்தத் தகவல் இருக்காது. மொத்தத்தையும் பார்த்தால் இருக்கும். இதற்கும் ஒரு வேக வரம்பு உண்டு. மால்தசேனா, ஷெங்கர், ஸ்டான்ஃபோர்டு மூவரும் 2015இல் கண்டது: பல துகள்கள் கொண்ட பரவலான வகை அமைப்புகளில் வளர்ச்சி வேகம் வெப்பநிலைக்கு நேர்விகிதமான ஓர் எல்லையைத் தாண்டாது. 300 கெல்வினில் அது நொடிக்கு சுமார் 2.5 × 10¹⁴.

கருந்துளையில் விழுந்த தகவல்?

ஈர்ப்புக் கோட்பாட்டின் எளிய வகைக் கருந்துளைகள் மேலே சொன்ன எல்லையைச் சரியாகத் தொடுகின்றன. ஆனால் இரண்டு சிக்கல்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 1970களில் ஸ்டீஃபன் ஹாக்கிங் சொன்னது, கருந்துளை ஆவியாகும்போது தகவல் அடியோடு அழிகிறது என்பது. ‘மறைந்துகிடக்கிறது’ என்று அவர் சொல்லவில்லை. அது உண்மையானால் குவாண்டம் விதியே உடையும். அதை வைத்து 1997இல் அவர் கட்டிய பந்தயத்தை 2004இல் விட்டுக்கொடுத்தார். தகவல் வெளியேறும் கதிர்வீச்சில் சிதறிக் கலந்து வருகிறது என்பதே இன்று பெரும்பாலோர் கருத்து. 2007இல் ஹேடனும் பிரெஸ்கிலும் தந்த கணக்கு இன்னும் வியப்பானது. பாதி ஆயுளைக் கடந்த கருந்துளையில் ஒரு குறிப்பைப் போட்டால், அதற்கு முன் வந்த கதிர்வீச்சு முழுவதும் உங்கள் கையில் இருக்கும் பட்சத்தில், குறிப்பு பின்னிப் பரவ ஆகும் நேரத்துக்குப் பிறகு அதைவிடச் சற்றே கூடுதலான பிட்கள் வெளிவந்தாலே குறிப்பை மீட்டுவிடலாம். அங்கே வேகமான கேயாஸ் தகவலை வெளியே தள்ளும் வேலையைச் செய்கிறது.

இழந்துகொண்டிருக்கும் தகவலை வெளியிலிருந்து ஈடுகட்ட முடியுமா?

முடியும். எவ்வளவு வேண்டும் என்பதற்குக் கீழ்வரம்பும் உண்டு: இழக்கும் வேகத்துக்குக் குறையாமல் ஊட்ட வேண்டும். லோரன்ஸ் அமைப்பைத் தொலைவிலிருந்து தொடர்ந்து பின்பற்ற வேண்டுமானால் ஒரு கால அலகுக்கு 1.31 பிட்டுக்குக் குறைவாக அனுப்பி எந்தத் தந்திரமும் பலிக்காது. 1990இல் லூயிஸ் பெகோராவும் தாமஸ் கேரலும் ஒரு வழி காட்டினார்கள். லோரன்ஸ் சமன்பாடுகளின் மூன்று மாறிகளில் முதலாவதை மட்டும் இன்னொரு பிரதிக்கு அனுப்பிக்கொண்டே இருந்தால், அந்தப் பிரதியின் மற்ற இரண்டு மாறிகள் எங்கிருந்து தொடங்கினாலும் தாமாகவே மூலத்தோடு வந்து ஒட்டிக்கொள்கின்றன. விரிவது முதல் மாறியின் வழியே கட்டுப்பட்டுவிட, மீதி இரண்டும் சுருங்கும் திசைகளாகிவிடுகின்றன.

வானிலை மையங்கள் நாள்தோறும் செய்வதும் இதன் பெரிய வடிவம்தான். முந்தைய கணிப்பை அப்படியே தூக்கிப் போடாமல், சில மணி நேரத்துக்கு ஒருமுறை புது அளவீடுகளால் அதைத் திருத்தி, அங்கிருந்து மறுபடி ஓட்டுகிறார்கள். கோடிக்கணக்கான மாறிகள் கொண்ட மாதிரியில் இது சாத்தியமாவதற்குக் காரணம், ஒரு நேரத்தில் பிழை வேகமாக வளரும் திசைகள் அந்தக் கோடிகளோடு ஒப்பிட்டால் மிகக் கொஞ்சம். மற்ற திசைகளில் மாதிரியே பிழையைச் சுருக்கிவிடுகிறது.